இலை உதிர்ந்த ஈழத்தலரிக்குத் தண்ணீர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் தோட்டப் பக்கத்தில் ஈழத்தலரி வளர்ப்பு பற்றி அரைப்பக்கக் குறிப்பு வந்திருந்தது. நர்சரிக்காரர்கள் பிளுமேரியா என்றும் ஃபிராஞ்சிபனி என்றும் சொல்லி விற்கும் அதே செடிதான். கொஞ்சம் இடமும் நல்ல வெயிலும் இருக்கிற வீட்டுக்கு இதைவிடத் தொந்தரவு குறைந்த பெரிய பூஞ்செடியைச் சொல்வது கடினம். அதை எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் குறிப்பின் நடுவில் வந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும் மாதங்களில் செடி வாடிப்போகாமல் இருக்கத் தினமும் ஒரு குடம் தண்ணீர் விட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுத் தோட்டத்தில் ஈழத்தலரி பூச்சியாலோ நோயாலோ சாவது குறைவு. அந்த ஒரு குடம் தண்ணீரால் சாவதுதான் அதிகம்.

இதன் கிளை ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். வெளியே மெல்லிய சாம்பல் பட்டை, அதைச் சுரண்டினால் பச்சை, அதற்குள் தந்தத்தின் நிறத்தில் கனமான சதை, நடுவில் மெத்தென்ற சோறு. வெட்டிய நொடியில் சுற்றிலும் பால் முத்து முத்தாகத் துளிர்க்கும். மரக்கட்டை என்று சொல்லிக்கொள்ள அதில் அதிகம் இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகிய பகுதிகளின் வறண்ட காடுகளில் பிறந்த இனம் இது. மழையில்லாத மாதங்களைக் கடப்பதற்குத் தேவையான தண்ணீரைக் கிளையிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு, தண்ணீர் செலவாகும் வழியான இலைகளை உதிர்த்துவிடுகிறது. கடையைச் சாத்திவிட்டுச் சேமிப்பில் சாப்பிடுகிற ஏற்பாடு.

வேரிலிருந்து தண்ணீரை மேலே இழுப்பது இலைதான். இலை இல்லையென்றால் இழுப்பு இல்லை. அப்போது ஊற்றும் தண்ணீர் மண்ணிலேயே தங்கும். மண்ணின் இடுக்குகளில் இருந்த காற்று வெளியேறி, வேர் மூச்சுத் திணறி, அழுகல் பூஞ்சைக்கு வழி கிடைக்கிறது. அழுகல் கீழிருந்து மேலே வருவதால் பல வாரங்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. பிறகு கிளை சுருங்கத் தொடங்கும். வேர் போனதால் வந்த சுருக்கம் அது. பார்ப்பவருக்கோ தாகத்தால் சுருங்குவதாகத் தோன்றும். இன்னொரு குடம் ஊற்றுவார். கதை அத்தோடு முடியும்.

குளிர்நாடுகளில் இந்தச் செடியை வளர்ப்பவர்கள் செய்வதைக் கேட்டால் உங்கள் வாசகர்களின் பயம் போய்விடும். உறைபனி வருவதற்குமுன் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, உலர்ந்த, உறையாத அறை ஒன்றில் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். மூன்று நான்கு மாதம் மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெயில் திரும்பியதும் நட்டால் தளிர்க்கிறது. அப்படிப்பட்ட செடிக்குத் தினக்குடம் எதற்கு?

மாதக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். அதனால் தண்ணீருக்குச் செடியையே நாட்காட்டியாக வைத்துக்கொள்வது நல்லது. அடியிலைகள் மஞ்சளாகி விழத் தொடங்கியதும் தண்ணீரைப் பாதியாக்குங்கள். பாதி இலை போனதும் அதையும் பாதியாக்குங்கள். முழுக்க மொட்டையானதும் தரையில் இருக்கும் வளர்ந்த செடிக்கு எதுவும் வேண்டாம். நட்டு ஓராண்டு ஆகாத இளஞ்செடிக்கும் தொட்டிச் செடிக்கும் மட்டும், கிளை லேசாகச் சுருங்கினால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் போதும், அதுவும் காலையில். கிளை நுனியில் பளபளவென்று பூனை நகம் போலப் பச்சை முளை விரிந்தால் செடி எழுந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே குடத்தைத் தூக்க வேண்டாம். இலை விரல் நீளம் வரும்வரை வாரம் ஒரு சிறு செம்பு, அதன் பிறகுதான் முழு அளவு.

முழு அளவு என்றால், தரையில் வளர்ந்து நிற்கும் செடிக்கு மழையில்லாத வாரத்தில் ஒருமுறை 15 முதல் 20 லிட்டர். அடித்தண்டில் ஊற்றாமல், ஒரு முழம் தள்ளி வட்டப்பாத்தி கட்டி அதில் மெதுவாக விட வேண்டும். தொட்டியில் என்றால் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றிவிட்டு, மேல்மண் 5 செ.மீ. ஆழத்துக்குக் காய்ந்த பிறகே அடுத்த முறை. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கம் இந்தச் செடிக்கு ஆகாது. இலை உதிர்ந்த காலத்தில் எதிர்பாராமல் மழை பெய்தால் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். நகர்த்த முடியாத கனம் என்றால் ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து வையுங்கள், தண்ணீர் வழிந்துவிடும்.

தாகமா அழுகலா என்று தெரிந்துகொள்ளக் கட்டைவிரல் போதும். கிளையை அழுத்திப் பாருங்கள். தோல் சுருங்கியிருந்தாலும் உள்ளே திடமாக இருந்தால் தாகம். அழுத்திய இடம் அமுங்கி, விரலுக்குக் கீழே வெறுமையாகத் தெரிந்தால் அழுகல். சந்தேகமாக இருந்தால் நகத்தால் பட்டையைக் கீறுங்கள்: பச்சையும் பாலும் வந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பும் ஈரமும் வந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. அழுகிய கிளையை மெல்ல மெல்லச் சீவிக்கொண்டே வர வேண்டும். நடுச்சோற்றில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்து, பால் தாராளமாக வரும் இடத்தில்தான் நிறுத்தலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தியை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காவிட்டால் அழுகலைக் கத்தியே மேலே ஏற்றிவிடும். அடித்தண்டே அமுங்கினால் செடியைக் காப்பாற்ற முயன்று காலம் கடத்தாமல், நல்லதாக இருக்கும் நுனிக்கிளைகளை வெட்டிப் போத்தாக, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டாக, வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

போத்து என்றதும் உங்கள் குறிப்பில் திருத்த வேண்டிய இரண்டாவது வரிக்கு வருகிறோம். ‘கிளையை ஒடித்து உடனே நடலாம்’ என்று இருந்தது. முருங்கைப் போத்தை அப்படி நடலாம். ஈழத்தலரிக்கு அது பொருந்தாது. ஈரமான மண்ணில் பச்சைக் காயத்தோடு இறக்கிய போத்து வேர் விடுவதற்குமுன் அழுகிவிடும். சிலது பிழைத்துக்கொள்வதும் உண்டு. அதை வைத்துத்தான் இந்த யோசனை இன்னும் உலவுகிறது.

சரியான முறை இது. செடி மொட்டையாக நிற்கும் காலத்தின் கடைசியில், தளிர் விடப் போகிற சமயத்தில் போத்து எடுங்கள். பச்சையாக இருக்கும் இளநுனி வேண்டாம், அதில் சேமிப்பு இல்லை. சாம்பல் நிறத்துக்கு முற்றிய, கட்டைவிரலைவிடப் பருத்த கிளையில் 30 முதல் 45 செ.மீ. நீளம் இருக்கட்டும். கூரான கத்தியால் ஒரே வெட்டு. ஒடித்தால் பட்டை கிழியும். பால் தோலில் பட்டால் சிலருக்கு எரிந்து தடிக்கும், கண்ணில் பட்டால் வேதனை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், துணியில் பட்ட கறையும் எளிதில் போகாது. இலை இருந்தால் காம்பில் ஒரு விரல்கடை விட்டு நறுக்கிவிடுங்கள். பிய்த்து எடுத்தால் இன்னொரு காயம் வரும், காம்பு தானாகவே காய்ந்து விழுந்துவிடும்.

பிறகு நிழலில், காற்றாடும் இடத்தில் 10 முதல் 14 நாள் சும்மா வையுங்கள். வெட்டு வாயில் பால் உறைந்து, தோல்போல இறுகி, தட்டினால் டொக்கென்று சத்தம் வர வேண்டும். கை பருமன் உள்ள கிளைக்கு மூன்று நான்கு வாரம்கூட ஆகும். அவசரப்பட வேண்டாம், இந்தப் போத்து ஒரு மாதம் மூலையில் கிடந்தாலும் சாகாது. இந்த உலர்த்தலைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிவிடுகிறார்கள். போத்து போவதும் இங்கேதான்.

நடும் தொட்டி சிறியதாக, 20 செ.மீ. அளவில் இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேரில்லாத போத்தைச் சுற்றி வேண்டாத ஈரம் நிற்கும். இரண்டு பங்கு பருமணல் அல்லது பெர்லைட், ஒரு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம். மாவு போன்ற நுண்மணல் உதவாது, தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு நட்டு, பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி இரண்டு இடத்தில் கட்டுங்கள். மேல்கனமான போத்து காற்றில் ஆடினால் அப்போதுதான் கிளம்பும் வெள்ளை வேர்கள் அறுந்துபோகும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் ஆர்வமும் அதே வேலையைத்தான் செய்கிறது. தலைகீழாக நட்டுவிடுவதும் நடக்கிற தவறுதான். நுனி இல்லாத நடுத்துண்டு என்றால் இலைத் தழும்பைப் பாருங்கள், மொட்டின் சிறு புடைப்பு தழும்புக்கு மேல்பக்கம் இருக்கும். வேர்த்தூள் தடவினால் கெடுதல் இல்லை, தடவாவிட்டாலும் வேர் வரும்.

நட்டதும் ஒரே ஒரு முறை தண்ணீர். அதன்பின் இலை வரும்வரை நிறுத்திவிடுங்கள். மண் வெதுவெதுப்பாக, 20 டிகிரி செல்சியசுக்குமேல் இருந்தால் 45 முதல் 60 நாளில் வேர் பிடிக்கும். இதிலும் ஒரு ஏமாற்று உண்டு. கிளையில் இருக்கும் சேமிப்பைக் கொண்டே போத்து இரண்டு சிறு இலை விட்டுவிடும், சில சமயம் பூங்கொத்தே தள்ளும். வேர் வந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டக் கூடாது. முழு அளவில் மூன்று நான்கு இலைகள் வந்து, வெயிலில் தொங்காமல் நின்றால்தான் வேர் இருக்கிறது. பூங்கொத்தைக் கிள்ளிவிடுவதே நல்லது. மனம் வராது என்பது தெரியும். ஆனால் வேருக்குப் போக வேண்டிய சேமிப்பை அது தின்றுவிடும்.

விதை பற்றி நீங்கள் எழுதாததில் தவறில்லை. இரட்டைக் கொம்புபோல நிற்கும் காய் முற்றவே எட்டு ஒன்பது மாதம் ஆகும். இறக்கை வைத்த விதையை இறக்கை வெளியே தெரியும்படி ஊன்றினால் ஓரிரு வாரத்தில் முளைக்கும். பூக்கச் சில ஆண்டுகள் ஆகும், பூ தாயின் நிறத்தில் இருக்காது. ஒட்டுச்செடி வாங்கியவர்கள் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரைக் கிள்ளிவிட்டால் போதும்.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம். முதலாவது வெயில். நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர் வெயில். அரைநிழலில் செடி நன்றாகவே இருக்கும், பூதான் இருக்காது. இரண்டாவது வடிகால். ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள், வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் சில மணி நேரத்தில் வடிந்தால் அங்கே நடலாம். மறுநாளும் நின்றால் அது களி. களிமண்ணில் பெரிய குழி எடுத்து அடியில் ஜல்லி போட்டு நல்ல மண்ணை நிரப்புவது வழக்கமான யோசனை. அது குழியைத் தொட்டியாக்கிவிடும், சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அதில்தான் வந்து நிற்கும். அங்கே குழியே வேண்டாம். தரைக்குமேல் 30 செ.மீ. உயரம், ஒரு மீட்டர் அகலத்துக்கு மேடு கட்டி அதில் நடுங்கள். சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளுங்கள். வேர் சுவரைப் பெயர்க்கும் வகை அல்ல, குடைபோல விரியும் கொப்புக்குத்தான் அந்த இடம். 4, 5 மீட்டர் உயரம் சாதாரணமாக வரும். கிளை முறியும் தன்மையுள்ளது. வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேலேயும் குழந்தைகள் ஏறும் இடத்திலும் வேண்டாம்.

கவாத்துக்கு வருவோம். உங்கள் குறிப்பு ‘ஆண்டுதோறும் நுனிகளை வெட்டிவிட்டால் நன்றாகப் பூக்கும்’ என்கிறது. செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் சரி. ஈழத்தலரிக்கு நேர் எதிர்.

இந்தச் செடியில் பூங்கொத்து வருவது கிளையின் உச்சியில் மட்டும்தான். உச்சி பூத்ததும் அந்தக் கிளை அதற்குமேல் நேராக வளராது. பூக்காம்புக்குக் கீழிருந்து இரண்டோ மூன்றோ புதுக் கிளைகள் பிரியும். அவை ஒவ்வொன்றும் வளர்ந்து தன் உச்சியில் பூக்கும். ஒரு நுனி மூன்றாகி, மூன்று ஒன்பதாகி, ஒன்பது இருபத்தேழாகும் கணக்கு இது. நுனி எத்தனையோ அத்தனை கொத்து. ஒரு பழைய செடியின் கொப்பைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள், ஒவ்வொரு கவையும் ஒரு பூங்கொத்து இருந்த இடமாகவே பெரும்பாலும் இருக்கும். இரண்டு கவைகளுக்கு நடுவில் உள்ள தண்டில் இலைத் தழும்புகள் அகல அகலமாகவும் பிறகு நெருக்கி நெருக்கியும் வரிசையாகத் தெரியும். நெருக்கமான வளையங்கள் வளர்ச்சி தளர்ந்து உறக்கத்துக்குப் போன காலம். செடி தன் வரலாற்றை உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது.

நுனியை வெட்டினால் அந்த ஆண்டின் கொத்து போகும். வெட்டிய இடத்தில் இரண்டு முதல் நான்கு துளிர் வரும், ஆனால் அவை முற்றிப் பூக்கப் பெரும்பாலும் அடுத்த பருவம் ஆகிவிடும். ஆண்டுதோறும் வேலிக் கத்தரியால் உருண்டையாகச் சீர்செய்யும் வீடுகளில் இலை மட்டும் அடர்ந்து ஒரு பூகூட இல்லாமல் நிற்பதற்கு இதுவே காரணம். வெட்டவே கூடாது என்று சொல்லவில்லை. ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்பக்கம் நோக்கிப் போகும் கிளை, காய்ந்த கிளை ஆகியவற்றை எடுக்கலாம். குச்சிபோல ஒரே தண்டாக உயர்ந்துவிட்ட செடியை இடுப்பளவில் வெட்டிக் கிளைக்க வைக்கலாம். காலம், மொட்டைப் பருவத்தின் கடைசி. அளவு, ஓராண்டில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வேண்டாம். வெட்டு சாய்வாக இருந்தால் தண்ணீர் தங்காது. பசை, சாணம், பெயின்ட் எதுவும் தடவத் தேவையில்லை, பாலே மூடிக்கொள்ளும். இரண்டு வாரம் மழை படாமல் இருந்தால் போதும். வெட்டிய துண்டுகளை எறிந்துவிடாதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு போத்து.

உரத்தில் அளவுக்கு மீறிய பாசம் வேண்டாம். இலை விரல் நீளம் வந்ததும் ஒருமுறை, நடுப்பருவத்தில் ஒருமுறை, வளர்ந்த செடிக்கு இரண்டு மூன்று கிலோ மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ வட்டப்பாத்தியில் கலந்துவிட்டால் போதும். இலை உதிரும் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் முற்றாத பச்சை நுனியோடு உறக்கத்துக்குப் போய், முதல் குளிரிலேயே நுனி கறுத்து அழுகும். யூரியா வேண்டவே வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலை முறம்போல விரிந்து, கிளை நெட்டையாக நீண்டு, தன் பாரத்தாலேயே சாயும், பூக்காது. முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் தெரிந்தால் மக்னீசியம் குறைவு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் மக்னீசியம் சல்பேட் கரைத்து வேரில் ஊற்றலாம். இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்பு. பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு மிகுந்திருப்பதன் அடையாளம். சிமென்ட் கழிவு கொட்டிய இடத்தில் நட்ட செடிகளில் இதைப் பார்க்கலாம்.

நோயில் துருநோய் ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இலையின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளிகள். திருப்பினால் அதே இடங்களில் ஆரஞ்சுப் பொடி, விரலால் தடவினால் ஒட்டிக்கொண்டு வரும். 1902-இல் கரீபியத்தின் குவாடலூப் தீவுச் செடியில் விவரிக்கப்பட்ட பூஞ்சை இது. செடிகளோடு பயணம் செய்து இன்று வெப்பநாடுகள் பலவற்றிலும் இருக்கிறது. பார்க்க அருவருப்பாக இருந்தாலும் செடியைக் கொல்லாது, இலையை முன்கூட்டியே கொட்ட வைக்கும், அவ்வளவே. இந்தப் பூஞ்சை உயிருள்ள இலையில்தான் பெருகும். அதனால் செடி மொட்டையாகும் காலமே நமக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. விழுந்த இலைகளை ஒன்றுவிடாமல் கூட்டி அப்புறப்படுத்துங்கள், குப்பை உரத்தில் சேர்க்க வேண்டாம், கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டையும் கிள்ளிவிடுங்கள். அடுத்த பருவம் எவ்வளவோ சுத்தமாகத் தொடங்கும். வளரும் காலத்தில் இலைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் நோய் கட்டுமீறி வந்தால், தண்ணீரில் கலக்கும் வகைக் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, காலையில் அல்லது மாலையில். கொளுத்தும் வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விட்டுத்தான் கந்தகம்.

மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் வரும். வெள்ளை ஈயில் ஒரு வகை இலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகுக் கோலம் போட்டுவிட்டுப் போகும், பார்த்தால் தப்பாது. இரண்டும் விடும் இனிப்புநீரில் கரும்பூசணம் படரும், எறும்பு ஊரும். முதலில் குழாயை வேகமாகப் பீய்ச்சி அடியிலைகளைக் கழுவுங்கள். குறையாவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் 2 மி.லி. சோப்புக் கரைசலும் கலந்து மாலையில், வாரம் ஒருமுறையாக மூன்று முறை தெளியுங்கள். பூச்சி மருந்துக் கடையின் பெரிய பாட்டில்களுக்கு இங்கே வேலை இல்லை. கிளையில் துளையும் அதன் வாயில் மரத்தூளும் கறுப்புக் கசிவும் கண்டால் தண்டுத்துளைப்பான். மருந்து உள்ளே போய்ச் சேராது. வெள்ளைச் சோறு தெரியும்வரை வெட்டி எடுத்து அழித்துவிட வேண்டும்.

கடைசியாக, குறிப்போடு வெளிவந்த படம். அதில் இருந்தது மழுங்கிய இலை நுனியும் கரும்பச்சைப் பளபளப்பும் உள்ள வெள்ளைப் பூ வகை, ஒப்டுசா. அது இதமான வெப்பமுள்ள இடங்களில் முழுக்க மொட்டையாவதில்லை. நீங்கள் விவரித்ததோ ரூப்ரா, கூரான இலை நுனி உடையது, வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு எல்லா நிறத்திலும் பூப்பது, ஆண்டுதோறும் இலையைக் கொட்டுவது. படத்தைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டு ரூப்ராவைப் பார்க்கிறவர் அது செத்துக்கொண்டிருக்கிறது என்றே நினைப்பார், குடத்தைத் தூக்குவார். திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் இரண்டு இலைகளின் நுனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் போடுங்கள். இலையின் பின்பக்கமும் தெரியட்டும்: பக்க நரம்புகள் விளிம்பைத் தொடாமல், விளிம்போரமாக ஓடும் ஒரே நரம்பில் போய்ச் சேர்வதைப் பார்த்தால் வேறு செடியோடு குழப்பிக்கொள்ளவும் மாட்டார்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பக்க வாசகர்கள்